கருப்பென்று நினைத்துக் கட்டிய நூல்

என் மனைவியின் வலது கண்ணுக்கு இப்போது வெளிச்சம் மட்டும் தெரியும். ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொல்வாள். ஜன்னலில் நிற்பது யார் என்று கேட்டால் இடது கண்ணைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். அந்த வலது கண்ணில் தப்பான மருந்தை விட்டது எங்கள் மகள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. விட வைத்தவன் நான். இந்தக் கடைசி வார்த்தையை வாய் திறந்து சொல்ல எனக்குப் பத்து மாதம் ஆனது. இத்தனைக்கும் பேச்சில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று போன ஊரிலெல்லாம் பேர் வாங்கினவன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடம் அதுதான் எங்கள் வீடு. பழைய வேன் ஒன்றை வாங்கிப் பின்னால் இருந்த சீட்டையெல்லாம் கழற்றி, இரண்டு படுக்கைப் பலகை, ஒரு சின்ன கேஸ் அடுப்பு, மேலே பட்டுப் புடவை அடுக்க மரத் தட்டு என்று நானே அடித்துக்கொண்டேன். காஞ்சிபுரத்தில் கடைக்காரர் ஒருவர் புடவை கொடுப்பார். நான் சித்தூர், மதனப்பள்ளி, கோலார், ஹூப்ளி, சோலாப்பூர் என்று கல்யாண வீடாகப் பார்த்துக் கொண்டுபோய் விற்பேன். மனைவி முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவாள். மணப்பெண் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினால் அங்கேயே உட்கார்ந்து மணி கோத்து, பின்னி, நாலு நாளில் முடித்துக் கொடுத்துவிடுவாள்.

மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது நோய்க் காலம் வந்து பள்ளிக்கூடம் மூடியது. போனில் பாடம் என்றார்கள். இருந்த ஒரே போன் என் வியாபாரப் போன். பள்ளிக்கூடம் திறந்தபோது நாங்கள் கர்நாடகாவில் இருந்தோம். "திரும்பிப் போய்ச் சேத்துடலாங்க" என்று மனைவி இரண்டு தடவை சொன்னாள். நான் எட்டாவதோடு நின்றவன். புடவை சுற்றி வரும் தாள், சுவரில் ஒட்டின போஸ்டர், பஸ் போர்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக்கூட்டித்தான் சரளமாகப் படிக்கக் கற்றேன். "நமக்கு எந்த வாத்தியார் சொல்லித் தந்தான்? அவளுக்கும் தானா வரும்" என்றேன். ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வளர்க்கும் குடும்பங்களின் வீடியோக்களை அப்போது நிறையப் பார்த்திருந்தேன். அந்தப் பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து தடித்தடியாகப் புத்தகம் படித்தன. எங்கள் வண்டியில் ஒரு புத்தகம்கூடக் கிடையாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஆனால் அவள் பேச்சு! என் பேச்சை நாலால் பெருக்கினால் அவள். வண்டி முச்சந்தியில் நின்றால் முன் சீட்டில் இருந்து தலையை வெளியே நீட்டுவாள். தெலுங்கு ஊரில் தெலுங்கு, கன்னட ஊரில் கன்னடம், அதற்கு அப்பால் இந்தி. வழி கேட்டு, கேட்டவரின் வீட்டு விசேஷத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் தலையை உள்ளே இழுப்பாள். ஹூப்ளியில் ஒரு போலீஸ்காரர் என்னைப் பார்த்து, "நீ பின்னால போய்ப் படு, வண்டிய இவ கையில குடு" என்று சிரித்தார். கோலாரில் பஞ்சர் ஒட்டின பாய், "உன் வண்டியில ஹாரன் எதுக்கு, அதான் பொண்ணு இருக்குதே" என்றார். ஜனங்கள் இப்படிச் சொல்வதையெல்லாம் நான் பத்திரமாக மனதில் சேர்த்து வைத்துக்கொண்டு அடுத்த ஊரில் எடுத்துவிடுவேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். நான் பெருமையில் மிதப்பேன். வழிகாட்டிப் பலகை ஒன்று எதிரிலேயே நட்டிருக்கும்போதும் அவள் ஏன் ஆளைத் தேடிக் கேட்கிறாள் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், எனக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. போனிலும் அவள் பேசித்தான் தேடுவாள். யாருக்காவது சேதி அனுப்ப வேண்டுமென்றால் குரலில் அனுப்புவாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தானே என்று விட்டுவிட்டேன்.

இனி நூல் விஷயம். தறி ஓடும் வீட்டில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டில் எதற்கும் அடையாளம் நூல்தான். சாவிக்கு ஒரு நிறம், டப்பாவுக்கு ஒரு நிறம். வண்டியிலும் அதையே செய்தேன். ஆடுகிற வண்டியில் ஒட்டின தாள் நிற்காது, ஈரத்தில் எழுத்து கலங்கும், கட்டின நூல் போகாது. சர்க்கரைக்குச் சிவப்பு, உப்புக்குப் பச்சை, மனைவியின் சுகர் மாத்திரைக்கு மஞ்சள். கிளட்ச் மிதித்து மிதித்து என் இடது பாதத்தில் கால் ஆணி வந்திருந்தது. அதற்குச் சொட்டு மருந்து ஒன்று வைத்திருந்தேன், தோலை அரித்து எடுக்கும் திராவகம். அந்தப் பாட்டிலுக்குக் கருப்பு. குஞ்சம் கட்டுகிறவள் வண்டியில் இருக்கும்போது நூலுக்கு என்ன பஞ்சம்? அந்த நூல்களால்தான் என் மகளுக்கு எழுத்தே தேவைப்படாமல் போனது.

மனைவிக்கு நாற்பத்திரண்டு வயதிலேயே வலது கண்ணில் புரை விழுந்துவிட்டது, சர்க்கரையின் புண்ணியம். ஆபரேஷனுக்காக ஊருக்குத் திரும்பினோம். செவிலிமேட்டில் என் அக்கா வீடு. பக்கத்துக் காலி மனையில் வண்டியை நிறுத்திக்கொண்டு, மனைவியை அக்கா வீட்டு முன் அறையில் படுக்க வைத்தோம். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. கட்டு அவிழ்த்த அன்று, "இன்னாங்க, உங்க மீசையில இவ்ளோ நரையா!" என்றாள். எல்லாரும் சிரித்தோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும். என் கை நடுங்கும். மகளின் கை நடுங்காது, அதனால் அவள் வேலை அது. கண் மருந்தும் என் கால் மருந்து மாதிரியே சின்ன வெள்ளைப் பாட்டில்தான். அதில் நானே கருநீல நூல் கட்டினேன். அது எப்போதும் முன் அறை ஜன்னல் கட்டையில் இருக்கும்.

ஆறாவது நாள் காலை வண்டிக்குள் உட்கார்ந்து காலுக்கு மருந்து போட்டேன். பாட்டில் கழுத்தில் இருந்த பழைய நூல் பிசுபிசுத்து அறுந்து வந்தது. மனைவியின் குஞ்சப் பெட்டியில் கைவிட்டு ஒரு கருப்பு நூலை இழுத்துக் கட்டினேன். அதற்குள், "டீ ஆறிப்போவுதுடா" என்று அக்கா குரல். பாட்டிலோடே எழுந்து போனேன். டீ குடிக்கக் கை வேண்டுமே, பாட்டிலை ஜன்னல் கட்டையில் வைத்தேன். வைத்ததை மறந்தேன். கண் மருந்தைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்கச் சொன்னார்கள் என்று அக்கா அன்று காலைதான் அதை எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் வைத்திருந்தாள். வைத்தவள் யாரிடமும் சொல்லவில்லை. நான் விற்காத புடவைகளைத் திருப்பிக் கொடுக்கக் காந்தி ரோட்டுக் கடைக்குப் போனேன். அக்கா ரேஷன் கடைக்குப் போனாள்.

கடையில் மூட்டையை அவிழ்க்கும்போது போன் வந்தது. பக்கத்து வீட்டு அம்மாவின் போனில் மகள்தான். பின்னால் என் மனைவி கத்துகிற சத்தம். ஒரு மனுஷியின் தொண்டையில் இருந்து அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை.

"பா, மருந்து போட்டன்பா... அம்மா கத்துதுபா... கண்ணு பொங்குதுபா..."

"தண்ணி ஊத்து. ஊத்திக்கினே இரு. நா வர வரைக்கும் நிறுத்தாத."

கால் மணி நேரத்தில் போய்விட்டேன். அறை முழுக்கத் தண்ணீர். பக்கத்து வீட்டு அம்மா மனைவியின் தலையை மடியில் பிடித்துக்கொண்டிருக்க, மகள் சொம்பால் ஊற்றிக்கொண்டே இருந்தாள். நான் வந்ததுகூடத் தெரியாமல் ஊற்றினாள். வெளியே ஆட்டோ நின்றது. தரையில் கிடந்த பாட்டிலை எடுத்தேன், டாக்டருக்குக் காட்ட வேண்டுமே. ஜன்னல் வழியாகக் காலை வெயில் என் கைமேல் விழுந்தது. என் கால் மருந்து. அதன் கழுத்தில் நூல். நூல் கருப்பு இல்லை. கருநீலம்.

தறிக்காரன் வீட்டில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நிழலில் கருப்பும் கருநீலமும் ஒன்றாகத்தான் தெரியும். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்க்காமல் யாரும் அந்த இரண்டு நிறத்தைத் தொட மாட்டார்கள். பார்க்காமல் போட்டால் தறியில் ஏற்றின பாவு நூல் முழுக்க வீண். நான் அந்த வீட்டுப் பிள்ளை. வண்டியின் அரை வெளிச்சத்தில் உட்கார்ந்து கட்டியிருக்கிறேன்.

அடுத்து நான் செய்ததை எழுதத்தான் இவ்வளவு சுற்றிவந்தேன். அந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை என்று சொல்லலாம். ஆனால் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் செய்தேன்.

ரேஷன் பையோடு அக்கா ஓடி வந்தாள். என் கையில் இருந்த பாட்டிலைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"அடிப்பாவி! நூலே இல்லாத பாட்டில எடுத்து ஊத்தினியாடி?"

"இருந்துச்சு அத்தை. நீல நூலு இருந்துச்சு."

"எங்க? காட்டு! எங்க இருக்குது நூலு?"

மகள் பாட்டிலைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். தண்ணீரில் கையை விட்டுத் துழாவினாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் மனைவியைத் தூக்கக் குனிந்தேன்.

"நூலு கிடக்கட்டும். காலுக்குன்னு கொட்ட எழுத்துல எழுதியிருக்குது, படிக்கக்கூடாதா?"

அக்கா பாட்டிலை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "படி இத" என்றாள். என் பெண்ணின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. நாலு மொழியில் வழி கேட்ட பெண். அங்கேதான், ஈரத் தரையில் நின்றுகொண்டுதான், அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது என்பதை நான் தெரிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நெடுநேரம் கழுவினார். கருவிழி வெந்துபோய்விட்டது, புது ஆபரேஷன் புண் வேறு, பார்க்கலாம் என்றார். "யார் ஊத்தினது?" என்று கேட்டார்.

"பொண்ணு" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லைப் போல ஒரு சொல்லை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை.

அடுத்த மாதமே வண்டியில் இருந்த சாமானை அக்கா வீட்டு மாடி அறையில் இறக்கினோம். பயணம் முடிந்தது. மகளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். வயதுக்கு ஏழாம் வகுப்பு. தலைமை ஆசிரியை நல்ல மனுஷி. "இவ்ளோ ஊர் சுத்தியிருக்கியே, எங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடும்மா" என்று சிரித்துக்கொண்டே ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்தார். மகள் படத்தைப் பார்த்து, "ஆடு" என்றாள். அவர் படத்தைக் கையால் மூடினார். மகள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் ஏழாம் வகுப்பு, மதியம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு எழுத்து என்று ஏற்பாடு. அந்தப் பொடிசுகள் இவளுக்கு "டீச்சரக்கா" என்று பேர் வைத்தன. "டீச்சரக்கா, இது இன்னா எழுத்து சொல்லு, தெரியலன்னா முட்டி போடு." அதை அவள் சொல்லி எனக்குத் தெரியவில்லை. வாசலில் காத்திருக்கும்போது காதில் விழுந்தது.

எழுத்து மெல்ல வந்தது. பேச்சு போய்விட்டது. கடைக்கு அனுப்பினால் பணத்தை நீட்டிவிட்டு நிற்பாள், கடைக்காரர்தான் கேட்க வேண்டும். வீட்டில் அம்மாவுக்குத் தண்ணீர்கூடத் தனியாகக் கொடுக்க மாட்டாள். "அத்தை, இது தண்ணிதானே, கொஞ்சம் பாத்துச் சொல்லு" என்று டம்ளரை ஏந்திக்கொண்டு நிற்பாள். முதலில் அக்காவுக்குக் கோபம் வந்தது. பிறகு அவளுக்கே அழுகை வந்துவிட்டது. "தண்ணிதாண்டி, குடுடி கண்ணு" என்பாள். சாயங்காலம் அம்மாவுக்குத் தலை வாருவது மட்டும் மகள் யாரையும் கேட்காமல் செய்யும் வேலை. நான் அந்த நேரத்தில் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

அந்த நூல் என் லைசென்ஸ் உறைக்குள் இருந்தது. எறிந்திருக்கலாம். இரண்டு முறை எடுத்தேன், எறியவில்லை. இப்போது ஏனாத்தூர் காலேஜுக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேலை எனக்கு, அதே வேனில் சீட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு. பிள்ளைகள், "அங்கிள், ஏதாவது கதை சொல்லுங்க" என்பார்கள். சோலாப்பூர் கதை சொல்வேன், கோலார் கதை சொல்வேன், சிரிப்பார்கள். உறை சட்டைப் பையில் இருக்கும்.

பத்தாவது மாதம் பள்ளியில் இருந்து கூப்பிட்டார்கள். மதிய வகுப்பு டீச்சர் சின்ன வயசுப் பெண். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சார், அவளுக்குக் கலர் தெரியலையோன்னு எனக்கு டவுட். படம் வரையச் சொன்னா, ஒவ்வொரு கிரயான் எடுக்கும்போதும் பக்கத்துல இருக்கிற சின்னப் புள்ளைங்ககிட்ட 'இது பச்சதானே, இது நீலந்தானே'ன்னு கேக்குறா. ஒரு தடவை கண்ண டெஸ்ட் பண்ணிடுங்களேன்."

அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போனேன். புள்ளிப் புள்ளியாக நிறம் தீட்டின அட்டைகளைக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். எண்கள் அவளுக்கு இப்போது தெரியும். ஒவ்வொன்றாகச் சரியாகச் சொல்லிவிட்டு, சொன்ன கையோடு, "நீங்க ஒரு தடவ பாத்துக்கோங்க சார்" என்றாள். அந்த டெக்னீஷியன் என்னிடம், "கண்ணுல ஒண்ணும் இல்லீங்க, நல்லா இருக்குது" என்றார். அவருக்கு வேறு என்ன தெரியும்?

திரும்பும்போது பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி ஓரமாக வண்டியை நிறுத்தினேன். அவள் பின் சீட்டில் இருந்தாள். முன் சீட்டில் உட்காருவதை விட்டு மாதக்கணக்கு ஆயிற்று. ஆற்றில் மணலும் முள்ளும்தான். மத்தியான வெயில். லைசென்ஸ் உறையைத் திறந்து நூலை எடுத்து அவள் பக்கம் நீட்டினேன்.

"இது இன்னா கலர்மா?"

பார்த்தாள். "தெரியல. நீயே சொல்லு."

"அன்னிக்கு அந்தப் பாட்டில்ல இருந்த நூலு இது. கருப்புன்னு நெனச்சி நாந்தான் கட்டினேன். வண்டி இருட்டுல பாக்காம கட்டிட்டேன். அப்பால நாந்தான் அறுத்து எடுத்து ஒளிச்சி வெச்சேன். நீ சரியாத்தான் பாத்தே. உன் கண்ணு மேல தப்பே இல்லமா."

அவள் கை நீட்டி நூலை வாங்கினாள். விரலில் சுற்றினாள். ஜன்னல் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, வெயிலில் பிடித்தாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை.

"நீலம்" என்றாள். கையை உள்ளே இழுத்துக்கொண்டு, "அப்ப இருந்துச்சு."

"இருந்துச்சுமா."

"அத்தை எங்க எங்கன்னு கேட்டுச்சே. நான் தண்ணியில தேடினேனே. நீ அங்கதான நின்னுக்கினு இருந்தே?"

"ஆமா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நீயே போய்ச் சொல்லு. நான் கூட வர மாட்டேன்."

அழுவாள், அடிப்பாள், திட்டுவாள் என்று எதற்கெல்லாமோ தயாராக இருந்தேன். நூலைக் கைக்குட்டையில் முடிந்து பள்ளிக்கூடப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

மனைவி மாடி அறையில் தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பல்லால் கடித்ததையும், வாசலைத் திரும்பிப் பார்த்ததையும், டாக்டரிடம் சொன்ன அந்த ஒரு சொல்லையும். அவள் கை நிற்கவில்லை. கடைசிக் காய் வரை உரித்தாள்.

"கண்ணு போனதுக்கு நான் உங்கள ஒண்ணும் கேக்கல. தெரியாம நடந்தது" என்றாள். "அந்தப் பொண்ணு தினம் எனக்குத் தல வாரும்போது பின்னால நின்னு சத்தமில்லாம அழுவும். என் முதுகுல சொட்டும். பத்து மாசம். நீங்க படியில உக்காந்துக்கினு இருந்தீங்க இல்ல?"

தரையில் கிடந்த நாரை அள்ளத் தொடங்கினேன்.

"எந்த ஊர்ல இன்னா பேசினாங்கன்னு ஒண்ணு விடாம ஞாபகம் வெச்சிருப்பீங்க. இது மட்டும் வாயில வரல."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே கீழே போனாள். அங்கே அக்காவிடமும் மகளிடமும் அவள் என்ன சொன்னாளோ, எனக்குத் தெரியாது. மேலே கேட்டது அக்காவின் அழுகை மட்டும். அன்று எனக்குச் சாப்பாடு அக்கா போட்டாள். தட்டை வைத்துவிட்டு முகம் பார்க்காமல் போனாள். இன்றுவரை அப்படித்தான்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் மருந்து நேரம். கண்ணில் அழுத்தம் ஏறாமல் இருக்க இன்னமும் தினம் இரண்டு வேளை சொட்டு விட வேண்டும். பத்து மாதமாக அது அக்காவின் வேலை. அன்று மகள் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் நின்றாள். கழுத்தில் நூல் எதுவும் இல்லை.

"நீ போடு" என்றாள்.

"என் கை நடுங்குமேமா."

"நடுங்கட்டும். மொதல்ல படி."

மருந்தின் பெயரைப் படித்தேன்.

"சத்தமா."

சத்தமாகப் படித்தேன். பெயர், எதற்கு, எந்தத் தேதி வரைக்கும் நல்லது, கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கும் கண்ணுக்கு மட்டும் என்பது. அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று, விரலை எழுத்துக்குக் கீழே வைத்துக்கொண்டே வந்தாள். நீளமான சொல்லில் அவள் விரல் நிற்கும். நான் காத்திருப்பேன். உதடு அசைந்து முடிந்ததும் விரல் நகரும். முடித்ததும், "ம்" என்றாள். அதற்குப் பிறகுதான் மூடியைத் திறந்தேன்.

அன்றிலிருந்து காலையும் சாயங்காலமும் இதே கதை. மனைவி நாற்காலியில் தலையை அண்ணாந்து காத்திருப்பாள். எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு நாள் பாட்டிலைப் பார்க்காமலே கடகடவென்று ஒப்பித்தேன். மகள் பாட்டிலைக் கையில் இருந்து வாங்கி, திருப்பிப் பிடித்து, "பாத்துப் படி" என்றாள்.

பார்த்துப் படித்தேன்.